பேச்சு மாறினால் தண்ணீரை ஊற்று: வெப்பத்தாக்கு உடம்பை என்ன செய்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும்

மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் என் சித்தப்பா கரையேற்றிய விசைப்படகின் அடித்தட்டில் இறங்கி, பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அதனால் படகு வேலை முழுக்க வருஷத்திலேயே மோசமான வெயிலில்தான் வந்து விழும். மதியம் ஒன்றரை வாக்கில் மேலே ஏறி வந்தவர், "வலைய ஏத்தியாச்சா? நேரமாவுதுல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "இன்னா மாமா, காலையிலயே போட்டுட்டியா?" என்றான் ஒருவன். சித்தப்பா வாழ்நாளில் குடித்ததில்லை.

கால்மணி நேரத்தில் விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஒருவர் சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றினார், அது மூக்கில் ஏறியது. பிறகு கண்ணாடி ஏற்றிய காரில் போட்டுக்கொண்டு பறந்தோம். ஃபைபர் படகு மீனுக்காக ஐஸ் நிரம்பிய பெட்டிகள் நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பதடி தூரத்தில் இருந்தன. ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு முதலுதவி கற்றுக்கொண்டு, தெரிந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் நேராக நான்காம் படிக்குப் போய்விடுங்கள்.

முதல் படி: பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது

ஆங்கிலத்தில் ஹீட் ஸ்ட்ரோக் என்பதைச் சிலர் 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஸ்ட்ரோக்' என்ற சொல்லால் வந்த வினை. அதைப் படித்தவர்கள் விழுந்தவரின் கை கால் இழுத்திருக்கிறதா, வாய் கோணியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றதும் "ஒண்ணுமில்ல, வெயில் மயக்கம்" என்று நிழலில் படுக்க வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாயில் வரும் கோளாறு. வெப்பத்தாக்கில் உடம்பு மொத்தமும் உள்ளிருந்து வேகிறது.

மருத்துவர்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும், மூளையின் வேலை தடுமாறியிருக்க வேண்டும். முதலாவதைக் கரையில் நின்று சரியாக அளக்க முடியாது. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரும் நெற்றியில் காட்டும் கருவியும் உள்வெப்பத்தைக் குறைத்தே காட்டும். ஆகவே நமக்குக் கிடைக்கும் அடையாளம் இரண்டாவதுதான்.

இரண்டாம் படி: உடம்பு சூட்டை எப்படி இறக்குகிறது

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் மணிக்கு ஒரு டிகிரி வீதம் உடம்பு சூடாகும். படகு இழுப்பவர், மூட்டை தூக்குபவர், செங்கல் சுமப்பவர் இதைப்போல நான்கைந்து மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறார். அவருக்கு வழி அடைபட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி.

வழிகள் இரண்டு. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குப் போகும் ரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை போகும். இதயத்துக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள். இன்னொரு வழி வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டி வழிந்து தரையில் விழும் வேர்வையால் காசுக்குப் பயனில்லை, உடம்பின் நீரும் உப்பும்தான் நஷ்டம்.

மூன்றாம் படி: நம் ஊர் வெயிலைப் புரிந்துகொள்வது

தமிழில் வெக்கை என்றும் புழுக்கம் என்றும் இரண்டு சொல் இருப்பது சும்மா இல்லை. மே மாதத்தில் காலையிலிருந்து மேற்குக் காற்று வீசும். தரையைத் தடவி வரும் அந்தக் காற்று வெக்கை. மதியத்தில் கடல்காற்று ஏறினால் தெர்மாமீட்டர் இறங்கும், "அப்பாடா" என்போம். ஆனால் அந்தக் காற்று ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வேர்வை காய மறுக்கும். அதுதான் புழுக்கம். மேற்குக் காற்று வலுவாக இருந்து கடல்காற்று ஏறத் தாமதமாகும் நாட்கள்தான் கடலூரிலும் புதுச்சேரியிலும் பாதரசம் உச்சிக்குப் போகும் நாட்கள். ஆனால் 36 டிகிரியில் காற்றசையாத புழுக்க நாள் அதைவிடச் சாதுவானது என்று நான் சொல்லமாட்டேன்.

'வெப்ப அலை' அறிவிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இந்திய வானிலைத் துறை கணக்குப்படி, கடலோர ஊரில் வெப்பம் குறைந்தது 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் அது வெப்ப அலை. கடலூரில் மே மாதத்து வழக்கமான உச்சமே 36, 37-ஐ ஒட்டித்தான். 39 டிகிரி அடித்தாலும் கணக்கில் அது அலை ஆகாது. உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

யாருக்கு ஆபத்து? இரண்டு கூட்டம். வெயிலில் உழைக்கும் திடகாத்திரமான ஆட்களுக்கு ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் வரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டில் அசையாமல் படுத்திருக்கும் பாட்டிக்கு மூன்று நான்கு நாளில் மெல்ல வரும். வயதானால் தாகம் மங்கிப்போகும், வேர்வையும் குறையும். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, மனநோய்க்கான சில மருந்துகள் சாப்பிடுவோருக்கு ஆபத்து கூடுதல். அதற்காக மருந்தை நீங்களே நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு விஷயத்தை என்னிடம் கூச்சத்தோடு சொன்னார்கள்: ஒதுங்க இடமில்லாததால் வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. "தண்ணி குடிங்க" என்று அவர்களிடம் போய் உபதேசம் செய்பவர், முதலில் அங்கே ஒரு கழிவறை கட்டச் சொல்லட்டும்.

வெப்பத்துக்கு உடம்பு பழக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். புது ஆளை முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் செய்யவிட்டு, தினமும் கொஞ்சம் கூட்டுவது நல்ல முறை. ஒரு வாரத்துக்கு மேல் லீவு போட்டு வந்தவரும் புது ஆள்தான். குடிக்க நீராகாரம், உப்புப் போட்ட நீர்மோர் நன்று. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நாள் முழுக்க வேர்த்துக் கொட்டியவருக்கு அது மட்டும் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

உடம்பு முன்கூட்டியே சொல்லிப் பார்க்கும். கெண்டைக்காலிலும் வயிற்றிலும் குறக்களி இழுக்கும். சிறுநீர் மஞ்சளாகி நீர்க்கடுப்பு வரும். பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், உடம்பெல்லாம் வேர்வை, தோல் சில்லிட்டுப் பிசுபிசுப்பு. இது வெப்பக் களைப்பு. இதுவரை ஆள் தெளிவாகப் பேசுவார். நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் அரை மணியில் தேறிவிடுவார். தேறாவிட்டால் ஆஸ்பத்திரி. அன்றைக்கு மறுபடி வேலைக்கு அனுப்பக்கூடாது.

எல்லை தாண்டியதற்கு அடையாளம் பேச்சும் நடத்தையும். சம்பந்தமில்லாமல் பேசுவது, நாள் கிழமை குழம்புவது, காரணமில்லாத கோபம், குடித்தவர்போல் தள்ளாட்டம், நாக்குக் குழறல், வலிப்பு, நினைவிழப்பு. தடைக்காலத்தில் "வலைய ஏத்தியாச்சா" என்று கேட்பது. "இன்னிக்கு என்ன கிழமை? காலையில என்ன சாப்ட?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம்.

தோல் காய்ந்து சுடும் என்று பலர் படித்திருப்பார்கள். முதியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுபவர் தெப்பமாக நனைந்திருப்பார். "வேர்க்குதே, பயமில்ல" என்று சொன்ன ஆட்களில் நானும் ஒருவன்.

நான்காம் படி: முதல் அரை மணி நேரம்

முதலில் குளிர வைப்பது, அப்புறம்தான் கொண்டுபோவது. உழைக்கும்போது விழுந்தவரின் உடம்பை அரை மணிக்குள் 40 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளுறுப்புக்குக் கேடு.

1. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். "வெயில்ல வேலை செஞ்சாரு, இப்ப பேச்சு மாறிடுச்சு, உடம்பு கொதிக்குது" என்று அப்படியே சொல்லலாம். மற்றவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

2. நிழலுக்கு இழுங்கள். சட்டை, பனியன், பெல்ட், செருப்பு எல்லாம் கழற்றுங்கள். பெண் என்றால் நான்கு பெண்கள் சேலையால் மறைத்துக்கொண்டு செய்யலாம். கூச்சம் பார்க்கும் நேரமில்லை.

3. தார்ப்பாய் இருக்கிறதா? துறைமுகத்தில், களத்தில், கட்டட வேலை நடக்கும் இடத்தில் இல்லாமல் இருக்காது. விரித்து நடுவில் படுக்க வையுங்கள். நான்கைந்து பேர் விளிம்பைத் தொட்டில்போல் தூக்கிப் பிடிக்க, ஏழெட்டுக் குடம் தண்ணீரை ஊற்றி, மீன் ஐஸை அள்ளிக் கொட்டுங்கள். இப்படியும் அப்படியும் மெல்ல அலம்பிக்கொண்டே இருங்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கைகளால் தாங்க வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேலை. ஐஸ் தண்ணீர் தோலின் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளே அடைத்துவிடும் என்று ஒரு பழைய பயம் உண்டு. அளந்து பார்த்ததில் மிக வேகமாக உடம்பைக் குளிர்விப்பது ஐஸ் தண்ணீர்தான், ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி.

4. ஐஸும் தார்ப்பாயும் இல்லையா? மோட்டார் பம்ப்செட் வாய், தெருக்குழாய், குளியலறை, எது பக்கமோ அது. உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுங்கள். முகத்தில் தெளிப்பது மட்டும் போதாது. ஈர வேட்டி, ஈரத் துண்டு போர்த்தினால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நனைக்க வேண்டும், இல்லையேல் அதுவே கம்பளி ஆகிவிடும். கூடவே விசிறி. வீட்டில் விழுந்த முதியவருக்கு, உடம்பை நனைத்து மின்விசிறிக்கு நேராகப் படுக்க வைத்து, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் ஒத்தடம் வைக்கலாம்.

5. வாந்தி வந்தாலோ, நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தாலோ தண்ணீரிலிருந்து எடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவிதான் முதல் வேலை.

6. நடுக்கம் எடுத்து, ஆள் தெளிந்து, பெயர் சொல்லிப் பேசினால் நிறுத்தலாம். தெளியாவிட்டால் ஆம்புலன்ஸிலும் நனைப்பது தொடரட்டும். தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிதாக எது வந்தாலும் "நேரா ஜிப்மருக்கு விடு" என்போம். நல்ல ஆஸ்பத்திரி, சந்தேகமில்லை. ஆனால் முதுநகரிலிருந்து அது இருக்கும் புதுச்சேரி கோரிமேடு போய்ச் சேர, போக்குவரத்தைப் பொறுத்து முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகும். கொதிக்கும் உடம்பை அப்படியே மூடிய காரில் அவ்வளவு நேரம் கொண்டுபோவது அடுப்பில் வைத்து எடுத்துப் போவது மாதிரி. முதலில் தண்ணீர், பிறகு பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவு, அங்கே தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அவர்களே அனுப்புவார்கள்.

செய்யக்கூடாதவை: நினைவு தடுமாறியவர் வாயில் சோடா, தண்ணீர், காபி எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதும் பல்லிடையே கரண்டி வைப்பதும் வேண்டாம். பாராசிட்டமால் மாத்திரை இங்கே வேலை செய்யாது. காய்ச்சலில் மூளையே தன் தெர்மோஸ்டாட்டின் அளவை, அதாவது உடம்பு இருக்க வேண்டிய சூட்டின் அளவை, உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. வெப்பத்தாக்கில் அந்த அளவு மாறவே இல்லை, உடம்புதான் அதை மீறிப் போய்விட்டது. மேலும் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் கல்லீரலுக்கு அந்த மாத்திரை இன்னொரு சுமை.

ஐந்தாம் படி: உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது

"நல்லா பேசுறாரே, எதுக்கு மூணு நாள் படுக்க வெக்கிறாங்க?" ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

ரத்தம் தோலுக்கு ஓடும்போது அது எங்கிருந்தோ குறைய வேண்டும். குறைவது குடலுக்கு. ரத்தம் குறைந்து, சூடும் ஏறிய குடலின் உட்சுவர் சல்லடைபோல் ஓட்டை விடுகிறது. குடலில் உள்ள பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி அதைத் தொற்று என்று எண்ணி உடம்பு முழுக்கப் போர் தொடுக்கிறது. ஆகவே வெப்பத்தாக்கு இரண்டு அடி: ஒன்று நேரடியாகச் சூட்டில் புரதங்கள் உருக்குலைவது, மற்றது உடம்பே கிளப்பும் அழற்சி. உடம்பு குளிர்ந்த பிறகும் இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கும்.

தசைகள் சிதைந்து அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். அப்போது சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், அல்லது வராமலே போகும். சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும். ரத்தம் உறையும் ஏற்பாடு தாறுமாறாகும்: நுண்குழாய்களில் கட்டி கட்டிக்கொண்டே, உறைய வைக்கும் பொருள் தீர்ந்துபோய், ஊசி குத்திய இடத்தில் கசியும். இதயம் படபடத்து ரத்த அழுத்தம் விழும். நுரையீரலில் நீர் கோக்கலாம். கல்லீரல்தான் ஏமாற்றுக்காரன். முதல் நாள் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் நாளில் சேதத்தின் உச்சத்தைக் காட்டும். மூன்று நாள் படுக்க வைப்பதற்கு அதுதான் காரணம். ஒரே ஒரு சோதனை சரியாக வந்தது என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

விழுந்த நேரம், இடம், செய்த வேலை, சாப்பிடும் மருந்துகள், எப்போது தண்ணீர் ஊற்றத் தொடங்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். சிகிச்சைக்கு உதவும். இன்னொன்றும் உண்டு: 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்கிறது அது. மருத்துவப் பதிவில் காரணம் இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட முடியாது. புதுச்சேரி வேறு நிர்வாகம் என்பதால் இந்த அறிவிப்பு அங்கே செல்லாது.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

சில வாரங்களுக்கு வெயிலையும் கடின உழைப்பையும் தவிர்க்க வேண்டும். ரத்தச் சோதனையில் கல்லீரல், சிறுநீரகம், தசை மூன்றும் வழக்கத்துக்குத் திரும்பிய பிறகு, மருத்துவர் சொன்னால்தான் வேலை, அதுவும் காலை நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி எளிதில் வரலாம். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளம் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் வருஷக்கணக்கான வெக்கையிலும் நீர்ச்சத்துக் குறைவிலும் பழுதாகிப்போவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரகச் சோதனை செய்துகொண்டால் நல்லது.

மூளையில் வெப்பத்தை மிகவும் தாங்காத இடம் சிறுமூளை. அதில் உள்ள பர்கின்ஜி செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. நடையும் பேச்சும் கையின் குறியும் அவற்றின் பொறுப்பு. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சூடு நீண்ட நேரம் நின்றவர்களுக்கு ஆகிறது. உடற்பயிற்சி சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கினால் ஓரளவு தேறலாம்.

சித்தப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. தடைக்காலத்தில் துறைமுக நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். ஊசி கண்ணிக்கு இந்தப் பக்கம் ஒருமுறை போகும், அந்தப் பக்கம் ஒருமுறை போகும், மூன்றாம் முறை நுழையும். பக்கத்தில் ஐஸ் பெட்டி ஒன்றையும் மடித்த தார்ப்பாய் ஒன்றையும் வைத்திருக்கிறார். யாராவது வெயிலில் ஏறி வந்தால், "டேய், இன்னிக்கு இன்னா கெழம?" என்று இழுத்து இழுத்துக் கேட்கிறார்.